நாற்காலி அண்ணனும் ஐந்நூற்று எண்பத்தெட்டு வெள்ளியும்

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் நாற்காலி அண்ணனின் நாற்காலியில் உட்காராத தமிழர் என்று எவராவது இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று பொருள். பிறந்த முப்பதாம் நாள் விசேஷத்திலேயே அந்த நாற்காலியில் அம்மா மடியில் கிடந்திருப்பார். காது குத்தும்போது அதில் உட்கார்ந்து அலறியிருப்பார். அவர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதில் உட்கார்ந்துதான் பிரியாணி ஏன் இன்னும் வரவில்லை என்று முணுமுணுத்திருப்பார்கள். கடைசியில் அவர் கண்ணை மூடிய அன்று, துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்து கைப்பேசி பார்த்ததும் அதே நாற்காலியில்தான்.

இத்தனைக்கும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. புந்தோங்கில் பதினோரு வருஷம் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த எனக்கே தெரியாது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது, "யாருடி இவங்க, நமக்குப் பத்திரிகை வச்சிருக்காங்க?" என்று மனைவியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுவது தொழில். ஒரு பழைய லாரி, இரண்டாயிரத்துச் சொச்சம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் சொத்து. ஒரு நாற்காலிக்கு ஒரு நாள் வாடகை ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்.

அந்த ஒரு வெள்ளிதான் மனிதரைக் கெடுத்தது. உலகத்தில் எந்த விலையையும் அவர் நாற்காலியில்தான் சொல்லுவார். மகளுக்கு வரன் வந்தபோது, "பையன் பேங்க்ல வேல. மாசம் நாலாயிரம் நாக்காலி," என்று தெருவெல்லாம் சொன்னார். தனியார் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தால், "டாக்டர் என்னயப் பாத்தது அஞ்சே நிமிசம். தொண்ணூறு நாக்காலிய உருவிட்டான்லா," என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வார். வயிற்றுவலியா, காசு போன வலியா என்று கேட்டால் கோபம் வரும்.

ஆளையும் அப்படித்தான் அளப்பார். பருமனான ஆள் வந்தால் பிளாஸ்டிக் தாங்காது. இரண்டு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிப் போட வேண்டும். வீட்டுக்காரரிடம் இரண்டுக்கும் வாடகை வாங்கிவிடுவார். ஊரில் ஒரு டத்தோ இருந்தார். சுல்தான் கொடுக்கும் அந்தப் பட்டம் கிடைத்த பிறகு உடம்பும் அதற்கேற்பப் பெருத்துவிட்டது. அண்ணன் அவரை முகத்துக்கு நேரே "வாங்க டத்தோ" என்பார், முதுகுக்குப் பின்னால் "ரெண்டு நாக்காலி" என்பார். இந்த டத்தோ கதையில் மறுபடி வருவார். வராமல் எப்படி? ஈப்போவில் ஒரு மைக் இருந்தால் அதன் பின்னால் ஒரு டத்தோ இருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பரம எதிரி உண்டு. அது கச்சேரி டிக்கெட்.

ஊரிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, ஒரு பாடகரோ இசையமைப்பாளரோ வருகிறார் என்றால் முதலில் விளம்பரம் ஒட்டப்படும் இடம் எங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைத் தூண். ஒட்டிய பசை காய்வதற்குள் அண்ணன் அங்கே நிற்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிடுகிற எல்லாருக்கும் கேட்கும்படி விலைப்பட்டியலை வாசிப்பார்.

"பிளாட்டினம் ஐநூத்தி எம்பத்தெட்டு. கோல்டு முன்னூத்தி எம்பத்தெட்டு. சில்வர் நூத்தி எம்பத்தெட்டு. ஏன்லா எல்லாத்துலயும் எட்டு வைக்கிறானுங்க? எட்டு சீனருக்கு ராசி, சரி. நமக்கு என்ன ராசி? அடப்பாவிகளா, பிளாட்டினம்னா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு? எங்கிட்ட கேளுங்க. என் ஒரு வெள்ளி நாக்காலிக்கு வெள்ளத் துணில சட்ட தைச்சுப் போட்டா அது பிளாட்டினம். சட்டைய கழட்டுனா சில்வர்!"

பொய் சொல்லவில்லை. அந்தச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பதே அவர் மனைவிதான்.

ஒருநாள் இதே கடையில், தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் குமரன் என்பவன், கோலாலம்பூர் கச்சேரி ஒன்றுக்கு டிக்கெட் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் எல்லாருக்கும் தேநீர் சொன்னான். அண்ணனுக்கும் ஒரு கிளாஸ் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"எங்க சீட்டு, தம்பி?"

"ராக் ஸோன்ணே! மேடைக்கு நேர் முன்னால!"

"எவ்வளவு?"

"நானூத்தி எம்பத்தெட்டுதான்."

"நாக்காலி எப்படி? குஷன் வச்சதா?"

"நாக்காலி கிடையாதுண்ணே. நின்னுக்கிட்டே ஆடலாம்."

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "நாக்காலியே கிடையாதா? அப்ப எதுக்குடா காசு? பஸ் ஸ்டேசன்ல நாள் பூரா நிக்கிறேன், எவனும் ஒரு சென் கேட்டதில்லையே!"

"நாலு மாசத் தவணைண்ணே. கட்டுறதே தெரியாது."

"ஆடப்போறது மூணு மணி நேரம், கட்டப்போறது நாலு மாசமா? கால் வலி போயிரும்டா, தவண போகாதுடா!"

குமரன் அன்று முதல் அந்தக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். கடைக்காரர் அண்ணனிடம் ரொம்பக் கெஞ்சிப் பார்த்தார். "அண்ணே, நீங்க பேசுறது நியாயந்தான், ஆனா வெளிய போய்ப் பேசுங்கண்ணே," என்றார்.

அண்ணன் பேச்சில் குத்தல் இருக்கும், ஆனால் குத்துகிற இடம் சரியாக இருக்கும். தமிழ்ப்பள்ளியில் மின்விசிறி மாற்ற வேண்டும் என்று பெற்றோர் கூட்டம் போட்டார்கள். நாற்காலி இவருடையதுதான், அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பத்து வெள்ளி என்றதும் ஆளாளுக்கு விலைவாசி பற்றி உருக்கமாகப் பேச ஆரம்பித்தார்கள். முட்டை விலை, பெட்ரோல் விலை, மாமியார் மருந்து விலை எல்லாம் வந்தது. அண்ணன் எழுந்தார். "ஐயா, நீங்க போன மாசம் கச்சேரில கோல்டுல உக்காந்திருந்தீங்க. இந்தம்மா பிளாட்டினம். நாக்காலி போட்ட எனக்குத் தெரியாதா? அங்க எரியாத வயிறு, பிள்ளைங்களுக்குக் காத்து வாங்க மட்டும் எரியுதா?" என்றார். மின்விசிறி வந்தது. அடுத்த வருஷம் அவர் நாற்காலியை வாடகைக்கு எடுக்கவில்லை, பள்ளியில் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து கூட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.

என்னையும் விடவில்லை. நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் ஒரு கச்சேரியைப் பற்றி, "ஏழை எளியோரும் கண்டு களிக்கும் வகையில் எண்பத்தெட்டு வெள்ளி முதல்" என்று எழுதியிருந்தேன். காலையிலேயே என் வீட்டுக் கேட்டைத் தட்டினார். "பேப்பர் தம்பி, அந்த எம்பத்தெட்டு வெள்ளி சீட்டுல நீங்க உக்காந்து பாத்திருக்கீங்களா? நான் போட்ட சீட்டுலா அது. முன்னால ஸ்பீக்கர் கட்டுன இரும்புக் கோபுரம். ஏழ எளியவன் கோபுரத்த கும்புட்டுட்டு வரவேண்டியதுதான்." நான் சிரித்து மழுப்பினேன். வேறென்ன செய்ய? கச்சேரிக்காரர் எங்களுக்கு அரைப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தார்.

இவ்வளவு பேசுகிறவர் கச்சேரியே கேட்டதில்லையா என்றால், இந்த மாநிலத்தில் அவரைவிட அதிகமாகக் கேட்டவர் கிடையாது. பீடோரிலிருந்து பாரிட் புந்தார் வரைக்கும் எங்கே திடலில் மேடை போட்டாலும் நாற்காலி அவருடையது. இறக்கி முடித்ததும் லாரியை மேடைக்குப் பின்புறம் கொண்டுபோய் நிறுத்துவார். லாரியின் பின்கதவைச் சாய்த்து, அதன்மேல் இரண்டு நாற்காலி. ஒன்றில் இவர், ஒன்றில் இவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. பிளாஸ்கில் தேநீர், தூக்கில் மசால்வடை. மொத்தக் கச்சேரியும் ஓசி.

ஒரே குறை, எல்லாம் முதுகுப் பக்கம்.

அக்கா பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டு, ஆட்கள் வெளியேறியபோது ஈப்போவுக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கு ஒரு பாடகர் என்றால் உயிர். பெயர் வேண்டாம், அவருடைய குரல் கேட்காத தமிழ் வீடு கிடையாது. அந்தப் பாடகர் மூன்று முறை எங்கள் பேராக் மாநிலத்துக்கு வந்துபோயிருக்கிறார், மூன்று முறையும் அக்கா லாரியில் இருந்தார். "போன தடவ வந்தப்ப சட்ட பின்னால வேர்த்து ஒட்டிக்கிச்சு தம்பி. பாவம், ஒரு துண்டு குடுக்க ஆளில்ல. எடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும், பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார். நான் எங்கே பார்த்தேன்? நான் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தவன். அக்காவுக்குப் பாடகரின் பிடரியில் எத்தனை நரை என்று தெரியும். முகம் மட்டும், தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி.

அந்தப் பாடகர்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், இது தன்னுடைய கடைசிச் சுற்றுப்பயணம், இனி வெளிநாட்டில் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். ஈப்போவில் ஒரு நாள். ஏற்பாடு நம் ரெண்டு நாக்காலி டத்தோ. நாற்காலி, வழக்கம்போல அண்ணன்.

அன்று அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாற்காலிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு ஒரு டிக்கெட்டு வேணும்," என்றாராம். "லாரி வேணாம். ஒரே ஒரு தடவ முன்னால உக்காந்து அவரு மூஞ்சியப் பாக்கணும். இனிமே வரமாட்டாரு."

அண்ணனுக்குத் தலையில் இடி. "ஏம்மா, என் நாக்காலி, நான் லாரில ஏத்தி, நான் எறக்கி, நான் தொடைச்சுப் போட்ட நாக்காலி! அதுல என் பொண்டாட்டி உக்கார நான் ஐநூத்தி எம்பத்தெட்டு வெள்ளி குடுக்கணுமா? ஊர் சிரிக்காது?"

"சிரிக்கட்டும்," என்றார் அக்கா. சண்டை போட்டிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். அக்கா சமையலறை ரேடியோவை அணைத்து, வயரைச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். முப்பது வருஷமாகப் பாட்டு கேட்ட வீட்டில் குக்கர் விசில் மட்டும்தான் கேட்டது. மூன்றாம் நாள் அண்ணன் என் கேட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார்.

"பேப்பர் தம்பி, ஒங்களுக்கு ஏதாச்சும் பாஸ் கீஸ் குடுப்பாங்களா?"

"அதெல்லாம் இப்ப குடுக்கிறதில்லண்ணே," என்றேன்.

என் சட்டைப் பையிலேயே இரண்டு பாஸ் இருந்தது. மனைவிக்குச் சொல்லிவிட்டேன், அவள் சேலைகூட எடுத்துவிட்டாள். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அசிங்கமாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் நேராக டத்தோவிடம் போனார். முன்வரிசையில் இரண்டு பிளாட்டினம் வேண்டும், காசை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். டத்தோ மிகுந்த பெருந்தன்மையோடு முழு விலையைக் கழித்துக்கொண்டார். ஏ பதிமூன்று, ஏ பதினாலு. நட்டநடு மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் ரேடியோ பாடியது. நாலு வீடு தள்ளி எனக்கே கேட்டது.

கச்சேரி நாளும் வந்தது. திடலில் பெரிய கூடாரம், இரண்டாயிரம் நாற்காலி, முன்னால் இருப்பதற்கெல்லாம் வெள்ளைச் சட்டை. ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் ஒட்டியிருந்தது. அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆறு மணிக்கே வந்து ஏ பதிமூன்றில் உட்கார்ந்துவிட்டார். கையில் டிக்கெட்டை இறுக்கமாகப் பிடித்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. அண்ணன் நிகழ்ச்சி ஆரம்பிக்கும்வரை நாற்காலிப் பொறுப்பு பார்க்க வேண்டும்.

ஏழு மணிக்கு, இடுப்பில் வாக்கி டாக்கி செருகிய ஏற்பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அங்கிள், முன்னால இன்னொரு வரிசை தம்பா பண்ணணுமாம். நகைக்கடை ஸ்பான்சர் குடும்பம்."

அண்ணன் ஏ வரிசையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். இடம் இருந்தது. லாரியில் உபரி நாற்காலி இருந்தது. தொழில் தொழில்தான். ஒரு வரிசை போட்டார். அக்கா இரண்டாம் வரிசையானார்.

கால்மணி நேரத்தில் மறுபடி அந்தப் பெண். "அங்கிள், சாரி அங்கிள், இன்னொரு வரிசை. கட்சிக்காரங்க, அப்புறம் பத்திரிகைக்காரங்க."

அந்தப் பத்திரிகைக்காரங்களில் நான் ஒருவன். நகைக்கடை வரிசைக்கு முன்னால், சரியாக அக்காவின் பார்வைக்கு நேரே எனக்கு நாற்காலி விழுந்தது. பக்கத்தில் என் மனைவி, அவள் கொண்டையில் இரண்டு முழம் மல்லிகை. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, நீங்களும் டிக்கெட்டு வாங்கினீங்களா?"

"இல்லக்கா... பேப்பர்காரங்களுக்குக் குடுத்தாங்க."

"ஓ, ஓசியா. நல்லதுப்பா," என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். நான் கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையானேன்.

ஏழே முக்காலுக்கு மூன்றாவது வரிசை. பாரிட் புந்தாரிலிருந்து டத்தோவின் சொந்தக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கி வந்து போட்டார். போகும்போதும் வரும்போதும் அக்கா பக்கம் திரும்பவில்லை. ஐந்நூற்று எண்பத்தெட்டு வெள்ளி கொடுத்து உட்கார வைத்த தன் மனைவியைத் தன் கையாலேயே நாலாவது வரிசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"வாங்க, லாரிக்கே போயிடலாம்," என்றார். "அங்கயாச்சும் முதுகு தெரியும்."

அண்ணன் ஏ பதிமூன்றையும் ஏ பதினாலையும் கைக்கு ஒன்றாகத் தூக்கினார். எங்கள் தலைகளுக்கு மேலே அவற்றைக் கொண்டுபோனார். எல்லா வரிசைக்கும் முன்னால், சிவப்புக் கம்பளத்தின் நடுவில், டத்தோவின் சொந்தக்காரர்கள் மூக்குக்கு நேரே வைத்தார். "வந்து ஒக்காரும்மா," என்றார்.

காவலர் ஓடி வந்தார். வயதான மலாய்க்காரர். அண்ணன் அமைதியாக டிக்கெட்டைக் காட்டினார், நாற்காலியின் முதுகைக் காட்டினார். காவலர் டிக்கெட்டைப் படித்தார், குனிந்து நாற்காலியைப் படித்தார். இரண்டிலும் ஏ பதிமூன்று. மறுபடி படித்தார். "பெத்துல்," சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

இதையெல்லாம் ஏ பன்னிரண்டில் இருந்தவர் கவனித்துக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், மடிப்புக் கலையாத சட்டை. வாழ்நாளில் ஒரு வரிசையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். "அப்ப நாங்களும் போகலாமோ? நானும் காசு குடுத்துத்தானே வந்தனான்?" என்று பொதுவாகக் கேட்டார். அவர் எழுந்து, கைக்குட்டையால் நாற்காலியின் காலைத் துடைத்து, தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவ்வளவுதான். ஏ வரிசை மொத்தமும் எழுந்தது. பட்டுச்சேலைகளும் ஜிப்பாக்களும் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னேறின. அதைப் பார்த்த பி வரிசை சும்மா இருக்குமா? "நாங்களும் முன்னூத்தி எம்பத்தெட்டு குடுத்தோம்லா!" என்று அதுவும் கிளம்பியது. சி வரிசை, டி வரிசை. பின்னுக்குத் தள்ளப்பட்ட நகைக்கடைக் குடும்பம் தங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி முன்னால் ஓடியது. எண்பத்தெட்டு வெள்ளிக்காரர்கள் இரும்புக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷத்தில் முதல் வரிசை மேடைப் படிக்கட்டில் இருந்தது. பாடகர் திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "இது இங்க வழக்கமா நடக்கிற நடனமா?" என்று கேட்டதாக வாத்தியக்காரர் ஒருவர் பிறகு சொன்னார்.

அண்ணனோ பதறிப்போய் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கவலை வேறு. "இழுக்காதீங்க! தூக்குங்க! இழுத்தா கால் உடைஞ்சிரும்!"

டத்தோ மூச்சு வாங்க வந்தார். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க? எல்லாத்தையும் பழையபடி போடச் சொல்லு!"

"போடுறேன் டத்தோ. டிக்கெட்டு வாங்குனவங்க முன்னால. ஓசி எல்லாம் பின்னால, ஜெனரேட்டர் பக்கம். சரின்னு சொல்லுங்க, அஞ்சு நிமிசத்துல போட்டுர்றேன்."

"அவங்கல்லாம் என் கெஸ்ட்டுய்யா!"

"கெஸ்ட்டுன்னா ஒங்க வீட்டு ஹால்ல ஒக்கார வைங்க. இங்க சனங்க தவண கட்டி வாங்கியிருக்கு."

டத்தோவின் முகம் சிவந்தது. "அப்படிச் செஞ்சின்னா மிச்ச வாடகைல ஒரு சென் வராது. பாத்துக்க."

அண்ணன் விரலை மடக்கினார். மனசுக்குள் நாற்காலி எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மிச்ச வாடகை சின்னக் காசில்லை. இரண்டு நாள் உழைப்பு, லாரி எண்ணெய், ஆள் கூலி எல்லாம் அதில் இருந்தது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கம்பளத்தின் நடுவில், அந்தக் களேபரத்திலும் எழாமல், இரண்டு கையாலும் டிக்கெட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சரி டத்தோ. வாடகைய நீங்களே வச்சுக்குங்க," என்றார்.

பிறகு மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார். "சகோதர சகோதரிகளே, நாக்காலி என்னுது. எல்லாரும் அவங்கவங்க நாக்காலிய அலுங்காம தூக்குங்க. ஏ வரிச மொதல்ல, பி வரிச பின்னால. ஓசில வந்த தலைவர்கள், தொழிலதிபர்கள், பத்திரிகைக்காரங்க எல்லாம் கடைசி வரிசைக்கு அப்பால. வெக்கப்படாதீங்க, வரிசையாப் போங்க." கூட்டம் விசிலடித்தது. பாடகருக்குக்கூட அன்று அவ்வளவு கைதட்டல் இல்லை.

ஆக, நானும் என் மனைவியும் அந்த மாபெரும் பிரியாவிடைக் கச்சேரியை ஜெனரேட்டருக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருந்து கேட்டோம். பக்கத்தில் டத்தோ, இரண்டு நாற்காலியில். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் ஏதோ சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் "செவிக்கு விருந்து" என்று தலைப்புப் போட்டு எழுதினேன். என் மனைவி அந்தப் பேப்பரை விரித்து அதன்மேல் மீன் சுத்தம் செய்தாள்.

ஆனால் ஒன்று, அங்கிருந்தும் முன்வரிசை தெரிந்தது. அண்ணன் உட்காரவில்லை. காசு கொடுத்த ஏ பதினாலு காலியாக இருந்தது. இனி எவனும் முன்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிடக் கூடாது என்று அக்காவின் முதுகுக்குப் பின்னால், நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். காலி இடத்தைப் பார்த்து நாலைந்து பேர் ஆசையோடு வந்தார்களாம். "ஆள் இருக்கு" என்றாராம். "யாரு?" என்றால் "நான்தான்" என்றாராம். மூன்று மணி நேரமும் அப்படியே.

மறுநாள் காலை ரோத்தி சானாய் வாங்கப் போனவன், மனசு கேட்காமல் திடல் பக்கம் வண்டியை விட்டேன். கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை போலிருக்கிறது, புருஷனும் பெண்சாதியும் இரண்டே பேராக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் லாரி மேலே, அக்கா கீழே. வண்டியை நிறுத்தி இறங்கி, "அக்கா, மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் தம்பி, நல்லாப் பாத்தேன். சிரிச்சா கன்னத்துல ஒரு குழி விழுது, டீவில அது தெரியல," என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பாதிப் பாட்டு காதுலயே ஏறல. லாரில பக்கத்துல உக்காந்து வட தின்னுக்கிட்டு இருப்பாருல்ல, இந்த மனுசன். நேத்து பக்கத்துல ஆளே இல்ல. இருக்காரா, கால் வலிக்குதான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறதுலயே நேரம் போயிருச்சு."

லாரி மேலிருந்து அண்ணன் கத்தினார். "முப்பத்தோரு தடவ, தம்பி! முப்பத்தோரு தடவ திரும்புறா! காசு குடுத்தது அந்தாளப் பாக்கவா, என்னயப் பாக்கவா? கேளுங்க!"

முப்பத்தொன்று. மேடைப் பக்கம் கண்ணை வைத்திருந்த எவனும் அதை எண்ணியிருக்க முடியாது.

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் ஏற்றினேன். "அடுக்கத் தெரியாம எதுக்குலா தொடுறீங்க, காலு கோணிக்கும்ல," என்று அண்ணன் திட்டினார். வாங்கிக்கொண்டு, இன்னும் நாலு எடுக்கப் போனேன்.